நரம்பில் குறை இல்லை என்றார்கள்

கால் மரத்துப்போகிறது என்று சொல்வதில் ஒரு சௌகரியம் இருந்தது. கால் மரியாதையான உறுப்பு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லலாம், டீக்கடையில் சொல்லலாம், மாமியாரிடம்கூடச் சொல்லலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள். கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள், தங்களுக்குத் தெரிந்த தைலம் ஒன்றின் பெயரும் சொல்வார்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில் யாரும் யாரையும் சும்மா விடுவதில்லை. கோர்ட்டுக்குப் போனாலும் கேட்பார்கள், பெண் பார்க்கப் போனாலும் கேட்பார்கள். ஆஸ்பத்திரி என்று தெரிந்துவிட்டால் இரண்டு வளைவு தாண்டுவதற்குள் எந்த இடத்தில் நோவு என்பது வரை வந்துவிடுவார்கள். நான் எல்லோரிடமும் கால் என்றே சொல்லிவந்தேன். காலில் மரப்பு இருந்தது உண்மைதான். ஆனால் எனக்கிருந்த உண்மையான குறை அதற்குச் சற்று மேலே இருந்தது.

வாழவந்திப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நான் சூப்பர்வைசர். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறோம். அதைப் பறிக்க ஒற்றை மூங்கிலில்தான் ஏறுவார்கள். கணுவுக்குக் கணு சின்னக் குச்சியை மட்டும் விட்டு மற்றதைச் சீவிய மூங்கில், அதுதான் ஏணி. வெறுங்காலோடு, கால் விரல்களால் குச்சியைக் கவ்விக்கொண்டு ஏற வேண்டும். நான் ஷூ போட்டுக்கொண்டு ஏறினேன். பறிக்கிற ஆள் சுணங்குகிறான் என்று கோபம். எப்படி ஏறுவது என்று காட்டித் தருகிறேன் பார் என்று நாலு பேர் முன்னால் வீரம் பேசிவிட்டு ஏறினேன். என் கோபம் எஸ்டேட்டில் பிரசித்தம். அன்றைக்கு மூங்கில் உருண்டது, நான் கீழே ஒரு பாறை மேல் உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன்.

மிளகு மூட்டை ஏற்ற அன்றைக்கு என் மச்சான் வண்டியோடு வந்திருந்தார். மனைவியின் அண்ணன், தலைச்சோலைக்காரர், சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி ஓட்டுகிறார். அவர்தான் காபி காயவைக்கும் களத்துப் பக்கம் கிடந்த கதவு ஒன்றைக் கொண்டுவந்து, என்னை வளைக்காமல் அதில் கிடத்தி, வளைவு வளைவாக ஹாரன் அடித்துக்கொண்டு சேலத்துக்கு இறக்கியவர். வழியெல்லாம் "மாப்ள, கண்ண மூடாதீங்க, பேசீட்டே வாங்க" என்று அழுதுகொண்டே ஓட்டினார். அவர் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு சக்கர நாற்காலியில் இருந்திருப்பேன். இதை நான் மறுக்கவே முடியாது. மறுக்க முடியாததுதான் பிறகு பெரிய சங்கடமாகிவிட்டது.

முதுகெலும்பின் கீழ்ப்பக்கத்தில் ஒன்று நொறுங்கியிருந்தது. தகடும் ஸ்குரூவும் வைத்து முடுக்கினார்கள். தினமும் காலையில் பெரிய டாக்டர் கூட்டமாக வருவார், மூன்று கேள்வி கேட்பார். கால் அசையுதா? யூரின் போகுதா? மோஷன் போகுதா? மூன்றுக்கும் நான் மெல்ல மெல்ல 'போகுதுங்க' என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். நாலாவது கேள்வி ஒன்று இருக்கிறது என்பது எனக்கே வீட்டுக்கு வந்து சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

பலகையில் படுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பலகையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒருவர் மட்டும் படுக்கக்கூடிய அகலம் அது. டாக்டர் சொன்ன காலம் முடிந்த பிறகும் அதிலேயே படுத்தேன். மனைவி பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பாள். எப்போதாவது கை நீட்டுவாள். "முதுகு" என்பேன். கையை எடுத்துக்கொள்வாள். சில நாள் முயற்சி செய்து பார்த்தேன், வெட்கம்தான் மிச்சம். உடம்பில் அந்த இடம் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி கிடந்தது. ஆசை இல்லாமல் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆசை முழுசாக இருந்தது. ஆசைக்கும் உடம்புக்கும் நடுவில் எங்கேயோ ஒயர் அறுந்திருந்தது.

அவள் ஏற்காடு டவுனில் ஒரு லாட்ஜில் அறைகள் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறாள். ஏற்காட்டுக்கு யார் வருகிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. புதுசாகக் கல்யாணமானவர்கள் கலைத்துப்போட்ட படுக்கையை நாள் முழுக்க உதறி விரித்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் என் பலகைக்குப் பக்கத்தில் வந்து சேர்வாள். அதே லாட்ஜில் மாதம் ஒரு முறை ஆண்மைக்குறைவு வைத்தியர் ஒருவர் வந்து தங்கி ஆள் பார்ப்பார். சுவரெல்லாம் அவர் போஸ்டர்தான். என்னைத் தேடி அவரே மலை ஏறி வந்த மாதிரி இருக்கும். ஆனால் அவர் அறைக்கு விரிப்பு மாற்றுவது என் மனைவி. அங்கே போய் வரிசையில் உட்கார முடியுமா?

ஊரில் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். "ஏதாச்சும் விசேஷம் உண்டா கண்ணு?" என்று அவளைத்தான் கேட்பார்கள். என்னைக் கேட்க மாட்டார்கள், எனக்கு முதுகு இருக்கிறதே. அவள் சிரித்து மழுப்பிவிட்டு வந்து பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் பெரிய டாக்டர் ஒரு தடவை காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, நரம்பு டெஸ்ட் ஒன்று எடுத்துவிடலாம் என்றார். எனக்கு உள்ளுக்குள் சின்னதாக நம்பிக்கை வந்தது. கேட்பார், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகிறவனை நாதியற்றவன் என்பார்கள். பெண் கொடுத்த வீட்டிலிருந்து ஒரு ஆண் கூடப் போவான். போனால் மட்டும் போதாது, டாக்டர் அறைக்குள்ளும் வர வேண்டும், டாக்டர் சொல்வதைக் காதால் கேட்டு வீட்டில் வந்து ஒப்பிக்க வேண்டும். வெளியே இரு என்று சொன்னால் செருப்பால் அடித்த மாதிரி எடுத்துக்கொள்வார்கள். எனக்காக அழுதுகொண்டே வண்டி ஓட்டிய மனிதரிடம் அதைச் சொல்ல முடியுமா? மச்சான் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். டெஸ்ட் எடுக்கிற டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார்.

"கால் தவிர வேற ஏதாவது தொந்தரவு இருக்கா? எதுவா இருந்தாலும் சொல்லலாம்."

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் ஆவலாக என்னைப் பார்த்தார்.

"வேற ஒண்ணுமில்லீங்க."

"அதெல்லாம் ஆளு நொம்ப கெட்டிங்க மேடம்" என்று மச்சானும் சேர்த்துச் சொன்னார்.

காலில் ஒட்டுப் போட்டு, சின்னச் சின்னதாக ஷாக் கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே தானாகத் துள்ளியது. முடிவில் கால் நரம்புகள் நன்றாகத் தேறி வந்திருக்கின்றன, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டரம்மா. அவர் மேல் தப்பே இல்லை. காலைத்தானே காட்டினேன்.

வெளியே வந்ததும் மச்சான் போனை ஸ்பீக்கரில் போட்டு என் மனைவியைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி வாசலே கேட்கும்படி சொன்னார்: "சாமி, மாப்ளைக்கு நரம்பெல்லாம் நொம்ப நல்லா இருக்குதாமா. ஒரு கொறையும் இல்லீன்னு மெசின்லயே வந்துருச்சு." அவள் "செரிங்ணா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். மச்சான் சந்தோஷத்தில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் அவள் கேசரி கிண்டி வைத்திருந்தாள். மச்சான் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் வண்டிச் சத்தம் தேய்கிற வரைக்கும் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள், திரும்பாமலே கேட்டாள்.

"ஏனுங்க, என்னப் புடிக்கலீன்னா சொல்லிப்போடுங்க."

"என்ன பேச்சு இது?"

"இத்தன நாளா அடி பட்டதுனாலதான்னு நெனச்சுட்டிருந்தேன். நரம்புல ஒண்ணுமில்லீன்னு மெசினே சொல்லீருச்சாமா. அப்பறம் என்னங்க? நாந்தான?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் பரிதாபப்படுவாள், அவளுடைய அண்ணனுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியும், காபி பழம் பறிக்கிற பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள், நான் அதட்டினால் இனி ஒருவரும் பயப்பட மாட்டார்கள் என்றெல்லாம் ஓடியது. அவள் மனசைவிட என் அதட்டல் எனக்குப் பெரிதாக இருந்தது. "கால் கடுகடுக்குது, தைலம் எடு" என்றேன். அவள் தைலத்தை எடுத்துத் தந்தாள். அடுத்த நாள் லாட்ஜில் லீவு சொல்லிவிட்டு, அம்மாவுக்கு ஒத்தாசையாக இருந்துவிட்டு வருகிறேன் என்று தலைச்சோலைக்குப் போனாள். துணிப்பை பெரிதாக இருந்தது. நான் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வாரம் போனது, அடுத்த வாரமும் போனது. போன் செய்தால் "வர்றேனுங்க" என்பாள், வரமாட்டாள். மாமியார் ஒரு நாள் போனை வாங்கி, "புடிக்காத எடத்துல எம்புள்ள எதுக்குங்க பாத்தரம் கழுவோணும்" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் இல்லை. அவள் திரும்பி வராமலே போய்விடுவாள் என்ற பயம் அப்போதுதான் முழுசாக வந்தது. எஸ்டேட்டில் உரம் பார்க்கச் சேலம் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல், நாதியற்றவனாகவே பஸ் ஏறினேன்.

டாக்டரம்மாவுக்கு என்னை ஞாபகம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். நம் மொழியில் இதைச் சொல்ல இரண்டு விதம்தான் எனக்குத் தெரியும். ஒன்று போஸ்டர் பாஷை, இன்னொன்று சாராயக்கடை பாஷை. ஒரு பெண்ணின் முன்னால் உட்கார்ந்து சாதாரணமாகச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"ஊட்டுல... அது நடக்கறதில்லீங்க மேடம். விழுந்ததுலருந்து."

அவர் முகம் மாறவில்லை. அதுவே எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. விடிகாலையில் தானாக எழுச்சி வருமா, சிறுநீர் கழிக்க முக்க வேண்டியிருக்கிறதா, உட்காரும் இடத்தில் உணர்ச்சி எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மொபெட்டில் உட்கார்ந்தால் சீட்டு படுகிற இடம் முழுக்க மரத்துத்தான் கிடக்கிறது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தம்பி, கால் நரம்பு வேற, இந்த நரம்பு வேற. இது முதுகெலும்போட அடி நுனியிலிருந்து வர்றது. உங்களுக்கு நசுங்கினது அந்த இடம். கால் தேறினாலும் இது தேறாம இருக்கலாம். இதுக்குத் தனி டெஸ்ட் இருக்கு. அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே பாத்திருப்பேன்."

டெஸ்ட் அறையில் ஒரு இளவயது டெக்னீஷியன் இருந்தான். திரையை இழுத்துவிட்டு, வேட்டியை அவிழ்த்துவிட்டுப் படுக்கச் சொன்னான். தலைமுடியை விலக்கிப் பிசின் வைத்து ஒயர்களை ஒட்டினான். தலையில் எதற்கு என்று கேட்டேன். கீழே கொடுக்கிற ஷாக் மூளைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கத்தான் என்றான். பிறகு வளையம் மாதிரி ஒன்றை எடுத்து, மாட்ட வேண்டிய இடத்தில் மாட்டினான். நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன். என் மனைவிகூட இத்தனை மாதமாகப் பார்க்காத இடத்தை, ஒருவன் கையுறை போட்டுக்கொண்டு, குழாய் ரிப்பேர் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு விடுங்கண்ணே என்று அவன் சொன்ன பிறகுதான் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

பிறகு டாக்டரம்மா வந்து, பின்பக்கத்தில் மலத்தை அடக்குகிற தசையில் மெல்லிய ஊசி ஒன்றைக் குத்தினார். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, குழந்தை மாதிரி படுத்திருந்தேன். சுருக்க வேண்டும், விட வேண்டும். சுருக்கும்போது மெஷினிலிருந்து தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி சத்தம் வர வேண்டுமாம். எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சொட்டியது. அடுத்து முன்பக்கம் ஷாக் கொடுத்து, பின்பக்கத் தசை உடனே சுருங்குகிறதா என்று பார்த்தார்கள். ஷாக் கொடுப்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கூட்டினார், மறுபடியும் கூட்டினார்.

அங்கே படுத்துக்கொண்டு நான் வேண்டிக்கொண்டதை எழுதக் கூசுகிறது. சேர்வராயா, இந்த நரம்பு செத்திருக்கணும். நல்லா இருக்குதுன்னு மட்டும் வந்துடக்கூடாது. ஊனமாக இருக்க வேண்டும் என்று எந்த மடையனாவது சாமியிடம் கேட்பானா? நான் கேட்டேன். இந்த டெஸ்டும் நன்றாக வந்துவிட்டால் அவளிடம் போய் என்ன சொல்வது? என் வாயால் சொல்லத் தைரியம் இல்லாததை அந்த மெஷின் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்துக் கிடந்தேன்.

முடிவை வீட்டுக்காரம்மாவோடு வந்தால்தான் விளக்கிச் சொல்வேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். திரும்பும் பஸ்ஸில் தலையில் பிசின் காய்ந்து முடி குத்திட்டு நின்றது. பக்கத்தில் இருந்த பெரியவர் "என்னுங்க தலைல?" என்று கேட்டார். பலாப்பழம் தூக்கினேன் என்றேன். அது பலாப்பழ சீசனும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நாளே தலைச்சோலைக்குப் போனேன். வாசலில் மச்சான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளை டாக்டர் வரச் சொன்னார் என்றேன். அவர் உடனே துணியை உதறினார்.

"எதுக்கு பஸ்ஸு? வண்டியிலயே போயிருவோம். நானும் வர்றேன்."

"நீங்க வேண்டாம்ங்க மச்சான்."

அவர் புரியாமல் பார்த்தார். "என்ன மாப்ள, நான் வராம எப்பிடி?"

"நாங்க ரெண்டு பேரு மட்டும் போறோங்க. உங்க முன்னால சொல்ல முடியாத சங்கதி."

மாமியார் கதவோரம் வந்து நின்றார். மச்சானின் முகம் சுருங்கிப்போனது. என்னைக் கதவில் கிடத்திக் கொண்டுபோன கைகளை ஈரத்துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். அவர் மனசைப் புண்படுத்துகிறோம் என்று தெரிந்தேதான் சொன்னேன். சொன்ன மாத்திரத்தில் அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், கண்ணை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். "செரி, போயிட்டு வாங்க" என்று பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். எனக்குக் காது வரை சுட்டது.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என்ன டெஸ்ட் என்று கேட்கவில்லை. நான் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன், ஒவ்வொரு வளைவிலும் பஸ் திரும்பியது, அடிவாரமே வந்துவிட்டது.

டாக்டரம்மா டெஸ்ட் அறையிலேயே உட்காரவைத்து, ஒரு தாளில் முதுகெலும்பின் படம் போட்டு அவளுக்குத்தான் விளக்கினார். எனக்கில்லை. நரம்பு நசுங்கின இடம் எது, சேதி போக வேண்டிய வேகத்தில் போகவில்லை, போகிற சேதியும் மெலிந்துதான் போகிறது என்றெல்லாம் எளிமையாகச் சொன்னார். முழுக்க அறுந்துபோகவில்லை, மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம், பலன் எவ்வளவு என்று இப்போது உறுதி சொல்ல முடியாது, குழந்தைக்கும் வழிகள் உண்டு என்றார். என் மனசில் ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு கேடுகெட்ட நிம்மதி. நரம்பு கெட்டிருக்கிறது, மெஷினே சொல்லிவிட்டது, இனி நான் எதுவும் பேச வேண்டியதில்லை என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"அப்ப, என்னப் புடிக்காமப் போனதுனால இல்லீங்களே மேடம்?"

இத்தனை நாளும் என் வெட்கத்தை மட்டும்தான் நான் பெரிதாக நினைத்திருந்தேன். லாட்ஜில் அடுத்தவர் படுக்கையை விரித்துக்கொண்டு, கண்ணாடியில் தன்னையே குறை பார்த்துக்கொண்டு, இவளும் ஒரு வெட்கத்தைச் சுமந்து திரிந்திருக்கிறாள். அது நான் கொடுத்தது.

டாக்டரம்மா தாளை மடித்தார். "அது இந்த மெஷின்ல தெரியாதும்மா. அவரைத்தான் கேக்கணும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். திரைக்குப் பின்னால் டெக்னீஷியன் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். கதவு பாதி திறந்திருந்தது, வெளியே பெஞ்சில் ஆட்கள்.

"சொல்லுங்க" என்றாள்.

"புடிக்கும்."

"கேக்கல."

எஸ்டேட்டில் ஐந்து ஏக்கர் தள்ளி இருப்பவனை அதட்டுகிற தொண்டை அது. அன்றைக்குக் காற்றுதான் வந்தது. மறுபடியும் சொன்னேன். "உன்ன எனக்கு நொம்பப் புடிக்கும். சொல்ல வெக்கமா இருந்துச்சு." இந்த முறை பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரைக்குப் பின்னால் ஒயர் சத்தம் நின்றது.

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். நாற்காலியை டாக்டரம்மா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா என்று கேட்டாள்.